புல எண் இல்லாதவரின் ஆட்சேபணை

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் சாமை விதைப்பவரும் மரவள்ளி நடுபவரும் மழையை நம்பியே நிலத்தில் இறங்குகிறார்கள். அந்த மலைமேல் கச்சா எண்ணெய்க் குழாய் ஏதும் இல்லை. ஆனாலும் எங்கோ ஒரு குழாய் பதிக்கப்படும்போது எழ வேண்டிய கேள்வி இந்த மலைக்கும் உரியது: யாருடைய சம்மதத்தைக் கேட்டுப் பதிக்கிறோம்?

நிலத்துக்காரரிடமே ஒழுங்காகக் கேட்பதில்லை. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்தை விலைக்கு வாங்குவதில்லை. பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம். பயிர்ச் சேதத்துக்கான தொகை போக, அந்த உரிமைக்கு ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். பிறகு அந்தத் துண்டில் கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டக் கூடாது. பட்டா மட்டும் விவசாயி பேரில் இருக்கும். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாயிலிருந்து கச்சா எண்ணெய் வயலில் கசிந்தது. 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடலில் கலந்தது. இவற்றின் வலி 10 சதவீதக் கணக்கில் அடங்காது.

மலைவாழ் மக்களின் நிலை இன்னும் மோசம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குக் குரல் தந்தது. 2013 ஏப்ரலில் ஒடிசாவின் நியாம்கிரி மலைச் சுரங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அக்குரலை மதித்தது. கருத்துக் கேட்கப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. ஆனால் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே, சாலை, கால்வாய், குழாய் போல நீண்டு செல்லும் திட்டங்களுக்குப் பொதுவாகக் கிராம சபை ஒப்புதல் தேவையில்லை என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. பல ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், எடுத்தது இல்லையென்று ஆகிவிடுமா?

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. மலையேறும் பேருந்தும், பிரசவ வலி கண்டவரைக் கீழே கொண்டுவரும் 108 வண்டியும், கிழங்கு ஏற்றும் லாரியும் டீசலில் ஓடுகின்றன. டேங்கர் லாரியைவிடக் குழாயில் விபத்து குறைவு. இவற்றை மறுப்பது ஏழைக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் இன்றைய தேவைக்கு எண்ணெய் தருவது வேறு. முப்பது, நாற்பது ஆண்டுக்குப் புதிய குழாய் போடுவது வேறு. போட்ட முதல் திரும்ப வேண்டுமானால் குழாய் நிரம்பி ஓடியாக வேண்டும். உகாண்டாவின் ஹோய்மாவிலிருந்து தான்சானியாவின் டாங்கா துறைமுகம் வரை 1,443 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட குழாயின் ஓட்ட அளவு நாளுக்குச் சுமார் 2,16,000 பீப்பாய். ஒரு பீப்பாய் எரிந்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு. அப்படியானால் ஒரே நாளில் 90,000 டன்னுக்கு மேல். அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். அதனால் மழை தவறிப்போகும்போது பாடுபடப்போகிறவர் எந்த அறிவிக்கையிலும் இல்லை. அவருக்குப் புல எண் கிடையாது. 21 நாளும் கிடையாது. அப்படிப்பட்டவர்களில் பலர் இன்னும் பிறக்கவேயில்லை.

ஆகவே முறை இதுதான்: இருக்கும் குழாய்களைப் பழுதின்றிக் காக்க வேண்டும், வழியிலுள்ள ஒவ்வொரு கிராம சபைக்கும் மறுக்கும் உரிமை வேண்டும், எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் கடமை அதிகம் எரிப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும், மலைப் பேருந்திலிருந்து அல்ல. எரியும் எண்ணெயின் சுமையையும் கணக்கில் கொண்டுவராத புதிய குழாய்க்கு அறத்தின் ஒப்புதல் இல்லை.

குழாயின் வழியை வரைபடத்தில் கோடாகப் போடுகிறார்கள். அதன் புகை போகும் வழியில் வெள்ளிமலையின் சாமைக் கொல்லையும் இருக்கிறது.