திறக்காமல் அறிதல்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்து இருண்ட உட்சுற்று ஒன்று உண்டு. அங்கு நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் கால ஓவியங்கள் சிலவற்றைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்திக் காத்தனர். இரு காலத்துக் கலையும் பிழைத்தன என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் நாயக்கர் கால ஓவியன் தன் சுவரை இழந்தான் அன்றோ? ஒருவனுடைய கைவண்ணத்தைக் காண மற்றொருவனுடையதைப் பெயர்க்கும் உரிமையை நமக்குத் தந்தவர் யார்?

அகழாய்வு எங்கு நடப்பினும் இக்கேள்வி எழும். ஒருமுறை தோண்டிய மண்ணடுக்கை மறுமுறை தோண்ட இயலாது. முதுமக்கள் தாழியைத் திறக்கும்போது, அதனுள் உறங்குபவரிடம் நாம் இசைவு கேட்பதில்லை.

திறக்காமலே அறியும் வழி ஒன்றை இயற்கை நம் தலைக்கு மேலேயே வைத்திருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றுமண்டலத்தின் உயரத்தில் மோதும்போது மியூவான் என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. நாம் விரித்த உள்ளங்கை வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒன்று கடந்து செல்கிறது. கல்லையும் அவை ஊடுருவும். ஆனால் கல் அடர்ந்த இடத்தில் மிகுதியாகத் தடைபடும். வெற்றிடம் உள்ள திசையில் கூடுதலாக வந்து சேரும். அவற்றைத் திசைவாரியாக எண்ணினால் உள்ளமைப்பு புலப்படும். கோலார் தங்கச் சுரங்கத்தில் நம் நாட்டு அறிவியலாளர் இத்துகள்களை ஆழம் ஆழமாக அளந்தனர். இவை மிக அருகிவிடும் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில்தான், 1965இல், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிட்டியது.

எகிப்தில் லூயி ஆல்வரெஸ் குழுவினர் 1960களின் இறுதியில் காஃப்ரே பிரமிடின் அடியறையில் கருவி வைத்து எண்ணினர். ஆராய்ந்த பகுதியில் மறைவறை ஏதும் இல்லை என்று அறிந்தனர். இல்லை என்று அறிவதும் அறிவே. அந்த வெறுங்கை அறிக்கை, வீணாகக் கல் பெயர்ப்பதினின்று அப்பகுதியைக் காத்தது. 2017இல் கூஃபு பிரமிடினுள் 30 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள வெற்றிடம் இருப்பது தெரியவந்தது. அதே பிரமிடின் வடமுகப்பில் உணரப்பட்ட மற்றொரு நடைவழியினுள், 2023இல், கற்களின் இடுக்கு வழியே மெல்லிய ஒளிப்படக் குழாயைச் செலுத்திப் பார்த்தனர். ஒரு கல்லும் உடையவில்லை.

தஞ்சையில் இது உதவுமா? ஓரளவே உதவும். 1010ஆம் ஆண்டு நிறைவுற்ற விமானத்தின் கற்கட்டில் எங்கு அடர்த்தி, எங்கு வெறுமை என்பதை மியூவான் சொல்லக்கூடும். சுண்ணப் பூச்சின் கீழுள்ள வண்ணத்தைச் சொல்லாது. மேலும், துகள்கள் மேலிருந்து வருவதால் ஆராயும் பொருளுக்கு அடியிலோ பக்கத்திலோ கருவி இருக்க வேண்டும். காவிரிப் படுகையில் பள்ளம் பறித்தால் நீர் ஊறும் என்பதை நம் உழவரைவிட அறிந்தவர் யார்? சமநிலத்தில் புதைந்து கிடக்கும் ஊரைவிட, நிமிர்ந்து நிற்கும் கோபுரத்துக்கே இம்முறை ஏற்றது.

ஜப்பானில் நிலநடுக்கப் பிளவு ஒன்றின் நொறுங்கிய பாறைக்குள் மழைநீர் ஊறுவதையும் இவ்வாறே கண்டனர். அங்கே உரிமைக் கேள்வி எழவில்லை. உயிருள்ளோரின் பாதுகாப்பு அறிவைக் கோருகிறது. தயங்குவதே அங்குத் தவறாகும். பழமையைத் தேடும்போது நம்மை உந்துவது பெரும்பாலும் ஆவல் மட்டுமே. ஆவல் இழிந்ததன்று, ஆனால் அவசரத்துக்கு அது காரணமாகாது. இக்கருவியோ மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறது. நிதி ஒதுக்குவோருக்கு அக்காத்திருப்பு கசக்கலாம்.

நம்மிடம் கேட்டால், ஒரு கல்லைப் பெயர்க்குமுன் இப்படிக் காத்திருந்து எண்ணிப் பார்க்கட்டும் என்போம். உட்சுற்றுச் சுவரில் இன்னும் எஞ்சியிருக்கும் நாயக்கர் ஓவியங்களோ அங்கேயே இருக்கட்டும். அவற்றின் கீழே ஒரு சோழ முகம் இருப்பினும்.