வில்லுக்கு வெட்டிய மரம்

வில் செய்வதற்கென்று வெட்டிய மரத்தை உடனே வில்லாக்க முடியாது. பச்சை மரத்தில் செதுக்கிய வில்லுக்கு நாணேற்றினால் அது வளைந்தபடியே நின்றுபோகும். நாணைக் கழற்றினாலும் நிமிராது. அதனால் மரத்தை மாதக்கணக்கில், தடித்த துண்டாக இருந்தால் ஆண்டுக்கணக்கில், ஆறப்போடுகிறார்கள். அந்த இடைக்காலத்தில் அந்தக் கட்டை எத்தகையது? அதில் உயிர் இருக்கிறதா? அதை வெட்டியவருக்கு அதன்பால் கடமை ஏதும் மிச்சம் இருக்கிறதா?

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு பெரிய மரத்தை வைத்துப் பாடம் சொல்கிறார். அடியிலோ நடுவிலோ நுனியிலோ வெட்டினால் மரம் சாறு வடிக்கும், ஆனாலும் வாழும். உயிர் ஒரு கிளையை விட்டுப் போனால் அந்தக் கிளை காயும். மரம் முழுவதையும் விட்டுப் போனால் முழுவதும் காயும். உயிர் நீங்கியதற்கு அடையாளமாக அவர் காட்டுவது காய்தலைத்தான். மரத்துக்கு உயிர் உண்டு என்பதில் வேறு சில மரபுகளுக்கும் ஐயம் இல்லை. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வகுக்கிறது. சமணமும் தாவரத்தை ஒரு புலன் உடைய உயிராகவே கொள்கிறது. பௌத்த விநயம் துறவி மரம் வெட்டுவதைக் குற்றம் என்கிறது.

தாவரவியல் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. நிற்கிற மரத்திலேயே வைரப் பகுதியில் உயிருள்ள செல்கள் இல்லை. அங்குள்ளவை எப்போதோ இறந்தவை. உயிர் இருப்பது பட்டையை ஒட்டிய பகுதியிலும் வெளிப்புற வெள்ளையிலும்தான். மறுபக்கம், வெட்டி நட்ட முருங்கைக் கிளை தளிர்க்கிறது. உயிருக்கும் சடத்துக்கும் நடுவில் கோடு கோடரி விழுந்த இடத்தில் இல்லை என்பதே இதன் பொருள்.

கேரளத்தின் பெரியாற்றங்கரை ஊரான ஆலுவாவில், மரத்தின் உயிரைப் பற்றிய இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு. நாராயண குரு 1913-இல் அத்வைத ஆசிரமத்தை நிறுவியது இங்கேதான். எல்லா உயிரும் ஆன்ம சகோதரர் என்ற நோக்கில் அவர் எழுதிய ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ புலால் உண்ணுதலைக் கண்டிக்கிறது. மரத்தைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் அந்த நோக்கை ஏற்றவர் கோடரி எடுக்கும்போது கேள்வி தானாக எழும். அத்வைதம் சொல்வதுபோல் உள்ளது ஒன்றே என்றால் கொல்பவர் யார், கொல்லப்படுவது எது என்று வாதிடலாம். அந்த வாதம் வெட்டுகிறவருக்கு வசதியானது; அதனாலேயே அதை ஏற்கக் கூடாது. உலக நடப்பில் வேற்றுமை இருக்கும்வரை கடமையும் இருக்கிறது என்பதுதான் அத்வைதத்தின் நேர்மையான நிலை.

வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதை, சிலைக்கு மரம் வெட்டும் முறையைச் சொல்கிறது. முதல்நாள் இரவு மரத்துக்குப் படையலிட்டு, அதில் குடியிருப்பவை வேறிடம் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை தேனும் நெய்யும் தடவிய கோடரியால் வெட்ட வேண்டும். மறுக்க முடியாத மரத்திடம் அனுமதி கேட்பது வெறும் மனச்சமாதானம் என்று சொல்ல இடம் உண்டு. ஆனால் அதே நூல், பறவைக் கூடு உள்ள மரம், கோயில் மரம், சுடுகாட்டு மரம் என வெட்டக் கூடாதவற்றையும் வரிசையாகச் சொல்கிறது. சடங்கின் வலிமை வேண்டுதலைவிட இந்தத் தடையில்தான் இருக்கிறது.

வெட்டிய பிறகு தச்சரின் வேலை. மரத்தின் ஈரம் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அது சுருங்கத் தொடங்கும். ஆண்டு வளையத்தை ஒட்டிய சுருக்கம் வளையத்துக்குக் குறுக்கான சுருக்கத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வெடிப்பு வருவது அதனால்தான். வெட்டுமுனை வழியே ஈரம் மிக வேகமாக ஓடும் என்பதால் வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூச வேண்டும். பிறகு கட்டையை நாரோட்டத்தின்படி பிளந்து, வண்டு தங்காதபடி பட்டையை உரித்து, நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். வில்லின் அளவுக்குச் சற்றுத் தடிமனாகச் செதுக்கி, நேரான பலகையோடு கட்டி வைத்தால் முறுக்காமல் சீக்கிரம் காயும். அவ்வப்போது எடை போட வேண்டும். எடை குறைவது நின்றால் காற்றின் ஈரத்தோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை ஓயாத ஆலுவாவில் அந்தச் சமநிலையே வில்லுக்கு அதிக ஈரம். அடுப்புக்கு மேலே பரணில் போட்டால்தான் ஆகும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் வில் படாரென முறியும்.

அம்பு எய்யாத வில்லுக்கும் இந்தப் பொறுமை வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திருவோணத்தன்று சமர்ப்பிக்கும் ஓணவில்லைக் கரமனையில் உள்ள விளையில் வீட்டுக் குடும்பத்தார் கடம்பு முதலான மரங்களில் விரதமிருந்து செய்கிறார்கள். அதில் அனந்தசயனம், தசாவதாரம் முதலான ஓவியங்கள் தீட்டுவார்கள். ஈரம் மிச்சமிருக்கும் பலகையில் வண்ணம் நிற்காது. அதேபோல், கேரளக் கோயில்களில் கொடிமரத் தேக்கைத் தரையில் படாமல் இறக்கி, மூலிகை எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். தைலாதிவாசம் எனப்படும் இது சபரிமலையில் 2017-இல் நிறுவிய கொடிமரத்துக்கும் நடந்தது. வழிபாடும் பதப்படுத்தலும் அங்கே ஒரே செயல்.

மரத்திடம் மன்னிப்புக் கேட்க ஓர் இரவு போதும்; அதைக் காப்பாற்ற ஓராண்டு வேண்டும். கவனிக்காமல் போட்டு வெடித்த கட்டை வீணாக வெட்டிய மரம். எந்தப் படையலும் அந்தக் குற்றத்தைத் தீர்க்காது.