அயல்வீட்டுப் பிள்ளையும் பார்த்திருக்கும் நாமும்

தம் குடும்ப வாழ்க்கையை நாள்தோறும் படம் பிடித்து யூரியூப்பில் வெளியிடும் பெற்றோர் இன்று உலகெங்கும் பெருகிவிட்டனர். பிள்ளை காலையில் கண் விழிப்பது, பள்ளிக்கூடம் போக அடம் பிடிப்பது, தாயிடம் ஏச்சு வாங்குவது, அழுதபடியே உறங்கிப்போவது எல்லாம் காணொளியாகின்றன. நமது குடாநாட்டு வீடுகளிலும் இரவுச் சாப்பாடு முடிந்தபின் கைத்தொலைபேசியில் இவற்றைப் பார்த்திருப்பது வழக்கமாகிவிட்டது. பார்ப்பதோடு நாம் நிற்பதில்லை. “இவளெல்லாம் ஒரு தாயா?”, “பிள்ளைக்குப் போட்டிருக்கிற உடுப்பைப் பாருங்கோ”, “காசு கூடினால் இப்பிடித்தான்” என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். முன்பு அந்த வாய் ஓர் ஊருக்குள் நின்றது. இன்று அதற்கு எல்லை இல்லை.

பிறர் தம் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தைக் குறைகூற நமக்கு உரிமை உண்டா? கேட்டுப் பார்த்தால் இரண்டு விடைகள் கிடைக்கும். “காட்டுகிறவர்கள் காட்டினால் பார்க்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள்” என்பது ஒன்று. “அவரவர் பிள்ளை, அவரவர் பாடு, நமக்கேன் வம்பு?” என்பது மற்றொன்று. இரண்டும் நியாயம்போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே குறை உண்டு. தன்னைப் படம் பிடிக்கும்படி ஒருபோதும் கேட்டிராத பிள்ளை இரண்டு விடைகளிலும் இல்லை.

இந்தக் கேள்வியை எண்ணும்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்ததை ஆற அமர நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ரூபி பிராங்கி என்னும் தாய், கணவரோடும் ஆறு பிள்ளைகளோடும் வாழ்ந்த வாழ்வை ‘எட்டுப் பயணிகள்’ என்று பொருள்படும் பெயரில் 2015 முதல் காணொளியாக வெளியிட்டு வந்தார். இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் சந்தாதாரராகச் சேர்ந்தனர். இறைபக்தியும் கண்டிப்பும் நிறைந்த முன்மாதிரிக் குடும்பம் என்றே பலர் நினைத்தனர். தம்பிக்குச் செய்த குறும்புக்குத் தண்டனையாகத் தன் கட்டில் பறிக்கப்பட்டது என்றும், ஏழு மாதமாகத் தரையில் போட்ட திண்டொன்றில் படுப்பதாகவும் மூத்த மகன் 2020ஆம் ஆண்டில் வெளிவந்த காணொளி ஒன்றில் சொன்னான். ஆறு வயது மகள் மதிய உணவை மறந்து பாலர் வகுப்புக்குப் போனபோது, அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தாய் மறுத்தார்; பசித்திருந்தால் பொறுப்பு வரும் என்பது அவருடைய விளக்கம். பார்த்தவர்கள் கொதித்தனர். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டு விசாரணை கோரினர். சிறுவர் நலன் அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்தனர். நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

2022 செப்ரெம்பரில், வீட்டைவிட்டு வெளியேறியிருந்த மூத்த மகளே தன் தங்கை தம்பிகளுக்காகப் பொலிஸாரை அழைத்தார். பொலிஸார் வந்து தட்டினர், கதவு திறக்கப்படவில்லை. 2023 ஓகஸ்ட் 30ஆம் திகதி, தாயின் தொழிற்பங்காளியான ஜோடி ஹில்டபிராண்ட் என்பவருடைய வீட்டு யன்னல் வழியாகப் பன்னிரண்டு வயது மகன் தப்பினான். எலும்பும் தோலுமாக, கைகால்களில் ஒட்டுநாடா சுற்றியபடி, அயல்வீட்டு மணியை அடித்துச் சாப்பாடும் தண்ணீரும் கேட்டான். அந்த அயலவர் கதவைத் திறந்து, பையனின் கணுக்காலைப் பார்த்துவிட்டுப் பொலிஸாரை அழைத்தார். அதே நிலையில் பத்து வயதுத் தங்கையும் மீட்கப்பட்டாள். இரு பெண்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2024 பெப்ரவரியில் இருவருக்கும், ஒவ்வொன்றும் ஓராண்டு முதல் பதினைந்து ஆண்டு வரையான நான்கு சிறைத் தண்டனைகள், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கும்படி விதிக்கப்பட்டன.

குறைகூறியவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். “பிறரைத் தீர்ப்பிடாதே” என்ற ஆண்டவருடைய வார்த்தையைச் சொல்லி அவர்களுடைய வாயை மூடியிருந்தால் அது அவ்வார்த்தையைத் தவறாகப் பிடித்ததாகவே இருந்திருக்கும். அவர் தடுத்தது மனிதரின் உள்ளத்தை எடைபோட்டுத் தண்டனை விதிப்பதை. பசித்த பிள்ளையைக் கண்டு “இந்தப் பிள்ளை பசித்திருக்கிறது” என்று சொல்வதை அவர் தடுக்கவில்லை.

ஆயினும் அத்தனை பேர் சரியாகச் சொல்லியும் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? மிகக் கொடியவை எதுவும் திரைக்கு வரவில்லை. திரைக்கு வந்தவற்றுக்கு எழுந்த கண்டனத்தையோ, உலகம் தம்மைப் புரிந்துகொள்ளாமல் வதைக்கிறது என்று பெற்றோர் எடுத்துக்கொண்டனர். எழுதியவர்களுக்கு மட்டும் ஓர் ஆறுதல் கிடைத்தது: நான் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது என்று. அதற்குள் அடுத்த காணொளி வந்தது, அதையும் பார்த்தார்கள். யூரியூப்பில் விளம்பர வருமானம் பார்க்கப்படும் அளவைப் பொறுத்து வருகிறது. விரும்பிப் பார்த்தவர், வெறுத்துப் பார்த்தவர் என்று அந்தக் கணக்கில் பிரிவினை இல்லை. திட்டி எழுதிய நான்கு வரியும் அந்தக் காணொளியைச் சுற்றிக் கூட்டம் கூட்டவே உதவும். தெருக்கூத்தைக் குறைகூறிக்கொண்டே முன்வரிசையில் குந்தியிருந்து தட்டிலும் காசு போடுகிறவரை என்னவென்று சொல்வது?

பிள்ளையைக் காப்பாற்றியவர் கையொப்பமிட்ட ஆயிரங்களுள் ஒருவர் அல்லர், பக்கத்து வீட்டுக்காரர். வத்திக்கானின் சமூகத் தொடர்புத் திருப்பீடத்துறை, சமூக ஊடகங்களில் கிறிஸ்தவர் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றி 2023 மே மாதத்தில் வெளியிட்ட சிந்தனைத் தொகுப்புக்கு நல்ல சமாரியன் உவமையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அந்த உவமையில் குருவும் லேவியனும் அடிபட்டவனைப் பார்க்காமல் போனவர்கள் அல்லர். பார்த்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் போகிற வழியில் கள்வருடைய அட்டூழியத்தைப் பற்றி மிகவும் உருக்கமாகப் பேசிக்கொண்டே போயிருக்கவும் கூடும்!

நம் ஊர் வேலிகளை நினைத்துக்கொள்கிறோம். கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கும். அதனூடாகக் கறியும் போகும், கதையும் போகும். ஒரு தாய் கோபத்தில் பிள்ளையைக் கண்மண் தெரியாமல் அடித்தால், அயல்வீட்டுக்காரி பொட்டுக்குள்ளால் வந்து, “என்னடி பிள்ளையைக் கொல்லப் போறியோ, விடு!” என்று பறித்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் இருத்தி, முகம் கழுவித் தேத்தண்ணி கொடுப்பாள். அடுத்த நாள் கிணற்றடியில் அதே பெண்மணி அந்தத் தாயைப் பற்றி நாலு பேரிடம் கதைத்தும் இருப்பாள். கதைத்ததற்கு அவள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கணக்குச் சொல்லட்டும். ஆனால் முதல் நாள் அவளுக்கு ஒரு கை இருந்தது. ரொரன்ரோவிலோ பாரிஸிலோ நெல்லியடியிலோ இருந்து காணொளி பார்க்கிற நமக்குக் கிணற்றடி மட்டும் மிஞ்சியிருக்கிறது, பொட்டு அடைபட்டுப்போயிற்று.

அப்படியானால் பேசாமலே இருப்பதா? தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். சென்னையில் உணவுக் காணொளிகளால் பெயர்பெற்ற இர்பான் என்பவர், தம் மனைவியின் வயிற்றிலிருந்த சிசு ஆணா பெண்ணா என்பதைத் துபாயில் பரிசோதித்து அறிந்து, 2024 மே மாதத்தில் அதை ஒரு கொண்டாட்டமாக வெளியிட்டார். இந்தியாவில் அப்படிப் பரிசோதிப்பதையும் அறிவிப்பதையும் 1994ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பெண் என்று தெரிந்தால் கருவிலேயே அழித்துவிடும் கொடுமையைத் தடுக்க வந்த சட்டம் அது. சுகாதாரத் துறை விளக்கம் கேட்டது. அவர் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஒக்ரோபரில் பிரசவ அறைக்குள் எடுத்த படத்தை வெளியிட்டார். அதில் குழந்தையின் தொப்புள்கொடியை அவரே வெட்டினார். மீண்டும் கண்டனம் எழுந்தது. அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் பத்து நாள் இயங்கத் தடையும் ஐம்பதாயிரம் ரூபா அபராதமும் விதிக்கப்பட்டன.

இங்கே பார்த்தவர்கள் சொன்னதற்கு ஒரு பொருள் இருந்தது. பிறவாத பெண்பிள்ளைகளின் உயிரைக் காக்கும் வேலி ஒன்றைப் புகழ்பெற்ற மனிதர் ஒருவர் விளையாட்டாகத் தாண்டும்போது, அதைப் பார்த்து மற்றவர்களும் தாண்டுவர் என்பதால் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் இப்படிப்பட்ட மனிதர் எந்தக் கார் வாங்கினார், எங்கே தின்றார், மனைவி என்ன உடுத்தாள் என்பவற்றை நாம் ஏன் விசாரிக்கிறோம்? அங்கே பேசுவது நீதி அன்று. பெரும்பாலும் பொறாமை, சில வேளை வெறும் பொழுதுபோக்கு.

புனித தோமஸ் அக்குவினார் சகோதரக் கண்டிப்பைப் பற்றி ஆராயும்போது இரண்டு விதக் கண்டிப்பைப் பிரிக்கிறார். தவறியவன் திருந்த வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது அன்பின் செயல். பொதுநலத்துக்காக, பிறருக்குத் தீங்கு நேராதிருக்கச் செய்யப்படுவது நீதியின் செயல். முதலாவதைப் பற்றி அவர் சொல்லும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம்: நம் சொல்லால் அவன் இன்னும் கெட்டுப்போவான் என்று தோன்றினால் அப்போது சொல்லாதிருக்க வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரமும் தனியே போய்ச் சொல்வதையே முதற்படியாக வைக்கிறது. சபைக்குச் சொல்வது கடைசிக்கு முந்திய படி. காணொளியின் கீழே எழுதுகிறவர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார். அவருடைய சபையிலோ அந்தத் தாயை அறிந்தவர் எவரும் இல்லை.

இரண்டாவது வகைக்கு உரிய இடம் வேறு. ஒரு பிள்ளை அடிக்கப்படுவதையோ பட்டினி போடப்படுவதையோ வேறு தகாத முறையில் நடத்தப்படுவதையோ கண்டால், அதைத் தடுக்க அதிகாரம் உள்ளவரிடம் சொல்ல வேண்டும். இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கென்றே இருக்கிறது. இந்தியாவில் 1098. அழைக்கும்போது திகதியையும் கண்டதையும் சொல்ல வேண்டும். நம் அபிப்பிராயத்தை அல்ல. யூட்டாவில் அதிகாரிகள் வந்தும் பயனில்லாமற் போனதே என்று கேட்கலாம். உண்மைதான். அதிகாரிகளும் தவறுவர். அதற்காக அவர்களிடம் சொல்லாமல் கூட்டத்திடம் சொன்னால் நிலைமை சீராகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. தாயைத் திட்டி நாம் எழுதும் வரிகளை ஒருநாள் அந்தப் பிள்ளை வாசிக்கும். பிள்ளைக்காகப் பரிந்துபேசுவதாக எண்ணி எழுதியவரின் சொல்லே பத்தாம் வகுப்பில் நண்பிகளின் தொலைபேசியில் கைமாறும். 2019இல் யூரியூப் நிறுவனம் சிறுவர் தோன்றும் பெரும்பாலான காணொளிகளின் கீழ்க் கருத்து எழுதும் வசதியை நிறுத்திவிட்டது. அங்கே தகாத நோக்குடைய ஓநாய்களும் வந்து எழுதியதே காரணம்.

இதை வாசிக்கும் பெற்றோர் நம்மைப் பற்றி அல்ல என்று எண்ணிவிடலாகாது. நமது பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு ஒரு காலத்தில் வீட்டு முற்றத்தில், உற்றார் உறவினருக்குள் நடந்தது. இன்று பறக்கும் கமராவும் சினிமாப் பாட்டுமாக அது படமாகி, யாரும் பார்க்கும்படி யூரியூப்பில் ஏறுகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடலில் நிகழ்ந்த ஓர் அந்தரங்க மாற்றத்தை உலகுக்கு அறிவிக்க அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? கீழே உறவினர் நகையை எண்ணுகிறார்கள். அந்நியர் அவளை எடைபோடுகிறார்கள். பிரான்ஸ் நாடு 2020ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் இலினோய் மாநிலம் 2024 ஜூலை முதலும், காணொளியால் வரும் வருமானத்தில் ஒரு பங்கைப் பிள்ளையின் பெயரில் ஒதுக்கிவைக்கச் சட்டம் கொண்டுவந்தன. நல்லதே. ஆனால் வங்கியில் போட்ட பணம் அழுத முகத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ரூபி பிராங்கியின் மூத்த மகள் ஷாரி 2024 ஒக்ரோபரில் யூட்டா சட்டமன்றக் குழுவின் முன் தோன்றி, குற்றவாளியின் மகளாக அல்ல, காணொளிக்கு ஆளாக்கப்பட்ட பிள்ளையாகவே பேச வந்திருப்பதாகச் சொன்னார். பிள்ளைப் பருவம் சந்தைச் சரக்கானதைப் பற்றி அவர் பேசினார்.

இதைத் தொழிலாகக் கொண்டு வயிறு வளர்க்கும் எளிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு. போருக்குப் பின் வேறு வழி தெரியாமல், சமையலையும் தோட்டத்தையும் படம் பிடித்து நாலு காசு தேடும் தாயையும் யூட்டாவின் அந்தப் பெண்ணையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். அவளிடம் குறை கண்டால், பிள்ளையின் பள்ளிக்கூடப் பெயர் தெரிகிறது என்றோ, குளிக்கும் படத்தை எடுத்துவிடு என்றோ சொல்ல வேண்டியிருந்தால், சொல்லத்தான் வேண்டும். அவள் உங்கள் மச்சாளோ பெறாமகளோ ஆனால், அவளுடைய தொலைபேசி இலக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.