வெண்ணெய்நல்லூர் வழக்கும் சான்றின் வன்மையும்

வழக்கில் மெய்யை நிறுவுவது யாது? சேக்கிழார் சுவாமிகள் தடுத்தாட்கொண்ட புராணத்துள் இதனை நுணுகிக் காட்டுவர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் வேண்டிய சான்று ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்று. நம்பியாரூரர் கிழித்தது படியோலையே. முதியவர் மூலவோலையைக் காட்டினார். அவ்வளவில் அவையத்தார் அமைந்திலர். பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 73ஆம் பிரிவிற் கூறியதும், அதனிடத்து 2024 ஜூலை முதல் நடைபெறும் சட்டம் கொண்டதும் இம்முறையே.

அந்தணர் அடிமையாதல் இல்லையென்று முன் மறுத்த அவையே ஓலை கண்டு மாறியது தகுமோவெனின், தகும். வழக்கம் பொது, ஆவணம் சிறப்பு. ஆயினும் எழுத்து மெய்யாதல் வேறு, எழுதிய பொருள் நீதியாதல் வேறு. பாட்டன் கைச்சாத்துப் பேரனைப் பிணிக்குமோ என அவை வினவிற்றிலது. அதற்கு விடை, முதியவர் திருவருட்டுறையுட் புக்கு மறைந்த பின்னரே ஆரூரர்க்குப் புலனாயிற்று.