நடுவயதுப் பெண்ணும் மூன்றாம் ஆசிரமமும்

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. ஈஸ்ட்ரோஜென் சுரப்பு குறைவதால் உடல் திடீரெனத் தகிக்கும், இரவில் வியர்த்துக் கொட்டும், தூக்கம் கெடும், எலும்பின் வலுவும் குறையும். இதே ஆண்டுகளில்தான் பிள்ளைகள் படிப்பு, வேலை, திருமணம் என்று வீட்டை விட்டுப் போகிறார்கள். பெற்றோரும் மாமனார் மாமியாரும் படுக்கையில் விழுகிறார்கள். உடலும் உறவும் ஒருசேர மாறும் இந்தப் பருவத்தில் எழும் கேள்வி மருத்துவத்தோடு முடிவதில்லை. மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பிறவிப் பயன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு, அந்தக் கடமைகள் தளர்ந்த பின் எஞ்சிய வாழ்வு எதற்காக?

ஆணைப் பொறுத்தவரை தர்ம சாஸ்திரங்களில் இதற்கு விடை உண்டு. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் பார்த்துவிட்ட இல்லறத்தான் காட்டை நாடலாம் என்கிறது மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம். அதுவே வாழ்க்கை நிலைகளில் மூன்றாம் ஆசிரமமாகிய வானப்பிரஸ்தம். மனைவியை அவன் மகன்களிடம் ஒப்படைக்கலாம், அல்லது உடன் அழைத்துச் செல்லலாம். பருவத்தை முடிவு செய்வது அவனுடைய நரை; அவளுடைய நரைக்கு அங்கே தனிக் கணக்கு இல்லை. இன்று திருக்கடையூரில் நடக்கும் அறுபதாம் கல்யாணத்திலும் 60 நிறைவது கணவனுக்குத்தான். மனைவி மீண்டும் தாலி கட்டிக்கொள்கிறார், அவ்வளவே.

தமிழ் இலக்கிய மரபு பெண்ணின் வயதைத் தனியாகவே எண்ணியது. உலா நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களைப் பாடுகின்றன. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கின்படி பேதைக்கு 5 முதல் 7 வயது. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அதற்கு அப்பால் பருவம் இல்லை. பவனி வரும் தலைவனைக் கண்டு மையல் கொள்ளும் பெண்களைப் பாடுவதே உலாவின் நோக்கம் என்பதால், அந்த மையலுக்கு உரியதாகக் கருதப்பட்ட வயதோடு கணக்கும் முடிந்துவிடுகிறது.

சடங்குகளிலும் இதே சாய்வு தெரிகிறது. பெண் பூப்படைந்தால் மஞ்சள் நீராட்டு, கருவுற்றால் வளைகாப்பு. இரண்டுக்கும் ஊரும் உறவும் கூடும். மாதவிடாய் நிற்பதற்கு அப்படி எதுவும் இல்லை. அந்தப் பருவத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு விரதம் ரிஷி பஞ்சமி. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நாயுருவிக் குச்சியால் பல் துலக்கி நீராடி, ஏழு ரிஷிகளையும் அருந்ததியையும் பூஜிப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் தெரியாமல் நேர்ந்த தீட்டுக் குற்றங்களுக்குப் பரிகாரமாக இதைச் செய்வதால், சில சமூகங்களில் மாதவிடாய் நின்ற பிறகு இதை நோற்பது வழக்கம். இந்தத் தீட்டுக் கருத்தின் வேர் பழையது. விஸ்வரூபனைக் கொன்ற இந்திரனின் பாவத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்கள் ஏற்றனர், அதுவே மாதவிலக்காயிற்று என்று தைத்திரீய சம்ஹிதை கதை சொல்கிறது. தொடக்கத்தைக் கொண்டாட்டமாகவும் முடிவைக் கழுவாயாகவும் அடையாளமிட்ட மரபு இது.

முடிவோடு ஒரு விடுதலையும் வருகிறது. சபரிமலையில் 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை 1991இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. 2019இல் இதனோடு தொடர்புடைய கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. வழக்கு ஒருபுறமிருக்க, 50ஐக் கடந்தபின் மாலை போட்டு இருமுடி கட்டுவது தமிழகப் பெண்கள் பலருக்குக் காத்திருந்து பெறும் பேறு. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் இந்தக் காத்திருப்புக்கே இடமில்லை. மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் அங்கே வழிபடலாம். பிற சமயங்களிலும் வயது சார்ந்த தளர்வுகள் உண்டு. திருமண எதிர்பார்ப்பைக் கடந்த முதிய பெண்கள், அலங்காரத்தைக் காட்டும் எண்ணமின்றி மேலாடையைக் களைவது குற்றமாகாது என்கிறது குர்ஆனின் 24ஆம் அத்தியாயம். பேணுதலாக இருப்பதே சிறப்பு என்றும் சேர்த்துச் சொல்கிறது. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபம், 60 வயதுக்குக் குறையாத விதவைகளைத் திருச்சபையின் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. ஆணின் ஆசையைத் தூண்டும், பிள்ளை பெறும் என்ற இரு காரணங்களால் உடலுக்குப் போடப்பட்ட வேலி, அந்தக் காரணங்கள் நீங்கியதும் அகற்றப்படுகிறது. வேலியை எடுப்பது வழியைக் காட்டுவது ஆகாது. இனி எதற்குத் தடையில்லை என்பது தெளிவாகிறதே தவிர, இனி எதை நாடுவது என்பது தெளிவாவதில்லை. அளவுகோலும் உடலாகவே நீடிக்கிறது. கருப்பை அகற்றப்பட்டு முப்பதுகளிலேயே மாதவிடாய் நின்றவருக்கும், 53 வயது வரை தொடர்பவருக்கும் 50 என்ற ஒரே கோடு பொருந்துவதில்லை.

நாடவேண்டியது எது என்ற கேள்விக்கு அதே மரபுகளுக்குள் வேறு விடைகள் கிடக்கின்றன. பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுப் புறப்படுமுன் மனைவியர் இருவருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க முன்வருகிறார். உலகத்துச் செல்வம் முழுவதும் கிடைத்தாலும் அதனால் சாவாமை கிட்டுமா என்று மைத்ரேயி கேட்கிறார். இல்லை என்று தெரிந்ததும், கணவர் அறிந்ததைத் தனக்குச் சொல்லும்படி கேட்கிறார். இங்கே மைத்ரேயியைத் தகுதியுடையவராக்குவது வயதோ உடலோ அல்ல, கேள்வி. தொல்காப்பியக் கற்பியல், காமம் நிறைவுற்ற பிற்காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி மேலானதைப் பயில்வதை இல்வாழ்வின் பயனாக்குகிறது. அதைத் தலைவனுக்கும் தலைவிக்கும் சேர்த்தே சொல்கிறது. பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான தேரிகாதையில் வரும் சோணா, பத்துப் பிள்ளைகளைப் பெற்று உடல் தளர்ந்த பிறகு பிக்குணி ஒருவரிடம் தம்மம் கேட்டுத் துறவு பூண்டு ஞானம் அடைகிறார். காரைக்கால் அம்மையார் இதிலிருந்து வேறுபடுகிறார். கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியதும், அவனுக்காகச் சுமந்த உடலழகை உதறிப் பேயுருவைக் கேட்டுப் பெறுகிறார் என்கிறது பெரியபுராணம். வயது செய்யும் வேலையை அவர் வயதுக்கு முன்பே, தன் விருப்பத்தால் செய்துகொள்கிறார். நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் அமர்ந்திருப்பதைக் கோயில்களில் காணலாம்.

ஆகவே பெண்ணுக்கு மூன்றாம் ஆசிரமம் உண்டா என்ற கேள்விக்குக் கொள்கை அளவில் உண்டு என்றே விடை கூறலாம். தடை நடைமுறையில் இருக்கிறது. வானப்பிரஸ்தம் ஒரு கைமாற்றத்தை வேண்டுகிறது: ஆண் தன் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். அடுக்களையையும் நோயாளிப் பராமரிப்பையும் பேரப்பிள்ளை வளர்ப்பையும் நடுவயதுப் பெண் யாரிடம் கொடுப்பார் என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. வழக்கமாக அது மருமகளிடம் போய், ஒரு பெண்ணின் ஓய்வு இன்னொரு பெண்ணின் சுமையாகிறது. கணவனும் மகனும் அந்த வேலைகளில் பங்கேற்கும் வீட்டில்தான் ஜபத்துக்கோ படிப்புக்கோ பொதுத்தொண்டுக்கோ வெறும் தனிமைக்கோ அவருக்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எதைப் பயில்வது என்பதை அவரே தேர்ந்துகொள்ளும்போது, நடுவயது கடமைகள் தேய்ந்த மிச்சக் காலமாக இல்லாமல் தனக்கென நோக்கமுள்ள ஓர் ஆசிரமமாகிறது.