தோள்சீலையும் சேலையும்



பதியில் பணிவிடை முடித்துத் திரும்பும் பக்தர், பேருந்து நிலையத்தில் கைநீட்டும் திருநங்கையைக் கண்டு முகம் சுளிக்கிறார். கூட வரும் பிள்ளைகள் கேலி பேசிச் சிரிக்கிறார்கள். அவர் தடுப்பதில்லை. நெற்றியில் இட்ட திருநாமம் இன்னும் அழியவில்லை. அந்தச் சிரிப்பு பாவமா, விளையாட்டா?

திருவிதாங்கூரில் தோள்சீலை போட்டதற்காகத் தாழ்த்தப்பட்ட பெண்கள் நடுத்தெருவில் சீலை கிழிக்கப்பட்டு அடிபட்டார்கள். அன்றும் வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை இருந்த அந்த நாட்டில்தான், தலைப்பாகை கட்டி வழிபட அய்யா சொன்னார். 1859-ல் தோள்சீலைக்கு அரசாணை வந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1871-ல், வெள்ளையர் அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. வடநாட்டில் திருநங்கையரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதினார்கள். அப்படிப் பதிவானவர் பெண்ணுடையில் தெருவுக்கு வந்தால் இரண்டு வருடம் வரை சிறை. முன்னே தோளில் சீலை போட்டது குற்றம். பின்னே சேலை கட்டியது குற்றம். உடுத்திய துணிக்காக மனிதரை அடிப்பது எங்கே நடந்தாலும் அது நீசன் செயலே.

"கைகால் நன்றாக இருக்கிறதே, உழைத்துச் சாப்பிடலாமே?" என்பார்கள். பெற்றவர்கள் அடித்துத் துரத்துகிறார்கள். பள்ளியில் கேலி தாங்காமல் படிப்பு நிற்கிறது. வேலை கேட்டால் கடைக்காரர் கொடுப்பதில்லை; வாடகைக்கு வீடும் கிடைப்பதில்லை. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, ஏன் தெருவில் நிற்கிறாய் என்று கேட்பது நியாயமா?

தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கையருக்கு நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றது. ஆனால் வீட்டுக்குள் விழும் அடியை நீதிமன்றம் வந்து தடுக்க முடியாது. அதைப் பெற்றவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. முன்னே நிற்பவருக்குத் தம் உருவமே தெரிகிறது. இறைவன் உள்ளே இருக்கிறான் என்பது அதன் பொருள். திருநங்கை வந்து நின்றால் அந்தக் கண்ணாடி அவர் முகத்தைக் காட்ட மறுக்குமா? முத்திரிக்கிணற்றுத் தண்ணீர் ஆள் பார்த்து ஊறுகிறதா?

ஆகவே அன்புக்கொடி மக்கள் செய்ய வேண்டியவை மூன்று. பிள்ளை கேலி செய்தால் அங்கேயே தடுக்க வேண்டும். தாங்கலுக்குத் திருநங்கை வந்தால் திருநாமம் இட்டு, எல்லாருடனும் ஒரே பந்தியில் அமர்த்திச் சோறு பரிமாற வேண்டும். தன் வீட்டிலேயே அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சித் துரத்தாமல் அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்றிலும் கடினமானது இதுதான். தாழ்ந்து கிடப்பவரைக் காக்கும் தர்மம் தன் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

அய்யா துணை.