வண்ணமும் வாய்மையும்

அழகின் பொருட்டு உண்மையை எவ்வளவு தூரம் மாற்றலாம்? கவிஞர்க்கு அவ்வுரிமை உண்டு என்று அணியிலக்கணம் ஒப்புகிறது. ஓவியர்க்கும் உண்டு என்பதில் எவரும் ஐயுறுவதில்லை. நிழற்படம் எடுப்பவர்க்கு அவ்வுரிமை உண்டா? முன்பெல்லாம் இது கலையறிஞர் சிலர் கூடிப் பேசிய கேள்வி. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே கேமராவாகவும் தூரிகையாகவும் இருக்கிறது. ஆதலின், பள்ளிச் சிறுவரும் விடை காண வேண்டிய கேள்வியாக இது வளர்ந்துவிட்டது. எனக்கு இக்கேள்வியைக் கற்பித்தவர் எந்தக் கலையறிஞரும் அல்லர். தெருவோரத்தில் பூக்கட்டும் பாட்டி ஒருவர்.

பிரிக்பீல்ட்ஸ் பயணம்

ஒரு விடுமுறை நாளில் எங்கள் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தொடர்வண்டியில் அழைத்துச் சென்றோம். 1910இல் கட்டி முடிக்கப்பெற்ற பழைய தொடர்வண்டி நிலையத்தின் மாடங்களைக் காட்டிவிட்டுப் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு நடந்தோம். அதன் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. பின்னர் நகரைச் செங்கல்லால் எழுப்ப முனைந்தபோது செங்கல் அறுத்துச் சுட்ட களம் இது. இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே மாணவர்கள் படம் எடுத்தனர். குழுவுக்கு ஒரு கைப்பேசியைப் பெற்றோர் கொடுத்தனுப்பியிருந்தனர். திரும்பியதும் பள்ளி மண்டபத்தில் பயணப் படக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு.

ஒரு மாணவி, ஐந்தடி நடைபாதையில் மல்லிகையும் சாமந்தியும் தொடுத்துக்கொண்டிருந்த மூதாட்டியைப் படம் எடுத்திருந்தாள். வீட்டில் அண்ணனின் உதவியோடு ஒரு செயலியில் அதை இட்டு எண்ணெய் வண்ண ஓவியம்போல் மாற்றிக்கொண்டு வந்தாள். பின்னால் இருந்த குப்பைத் தொட்டி மறைந்துவிட்டது. வெயில் பொன்னாகிவிட்டது. பூக்கள் தூரிகைத் தீற்றல்களாகப் பொங்கி நின்றன. கண்டவுடன் பாராட்டியவன் நான்தான். மண்டபத்தின் நடுவில் அதை மாட்டச் சொன்னவனும் நான்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கரும்பலகையில் மாமரம் வரைவதற்கே திணறிய எனக்கு, பன்னிரண்டு வயதுப் பெண் இப்படியொரு படத்தைக் கொணர்ந்தது பெருவியப்பாக இருந்தது.

கண்காட்சி முடிந்ததும் அப்படத்தை அப்பாட்டிக்கே கொடுத்துவிடலாம் என்று அவள் விரும்பினாள். அவளையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு மீண்டும் பிரிக்பீல்ட்ஸ் சென்றேன். பாட்டி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அருகில் வைத்துப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கண்ணு. என் கையை எங்கே காணோம்?"

அப்போதுதான் நானும் நோக்கினேன். விரல்களும் பூக்களும் ஒன்றாய்க் கலந்து ஒரே வண்ணக் குழம்பாகியிருந்தன. தொடுக்கும் கை படத்தில் இல்லை. மாணவி தயங்கியபடியே கைப்பேசியில் இருந்த மூலப் படத்தைக் காட்டினாள். பாட்டி தம் இடக்கைச் சுட்டுவிரலில் நீண்டு கிடந்த ஒரு வடுவைத் தொட்டுக் காட்டினார்.

"உளி பட்ட காயம், சார். பால்மரம் வெட்டப் போன மொத வருசம். அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு."

அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. படத்தை மகிழ்ச்சியோடு வாங்கி வைத்துக்கொண்டார். வருத்தம் என்னிடம்தான் தங்கிற்று.

கணினி தீட்டும் ஓவியம்

அந்தக் கை எவ்வாறு மறைந்தது? மாணவி அதை அழிக்கவில்லை. அழிக்க எண்ணவும் இல்லை. 2015ஆம் ஆண்டில் செருமனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்டிஸ், எக்கர், பெட்கே என்னும் ஆய்வாளர் மூவர் ஒரு வழியைக் கண்டனர். எண்ணற்ற படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி வலையமைப்பு, ஒரு நிழற்படத்தில் பொருள்கள் அமைந்திருக்கும் முறையைத் தனியே பிரித்தறிகிறது. ஓர் ஓவியத்தின் தீற்றலையும் வண்ணச் சேர்க்கையையும் தனியே பிரித்தறிகிறது. பின்னர் முன்னதன் அமைப்பில் பின்னதன் சாயலை ஏற்றுகிறது. தங்கள் ஊரின் ஆற்றங்கரை வீடுகளை வான்கோவின் 'விண்மீன் இரவு' ஓவியத்தின் சாயலில் அவர்கள் மாற்றிக் காட்டினர். அடுத்த ஆண்டே பிரிஸ்மா என்னும் செயலி இவ்வித்தையை உலகெங்கும் கைப்பேசிகளுக்குக் கொண்டுசேர்த்தது.

வியத்தகு வித்தைதான். ஆயினும், அதன் இயல்பை நாம் அறிய வேண்டும். முகம், விரல், சுவர், பூ என அனைத்தின்மீதும் கணினி ஒரே சாயலைப் பூசுகிறது. அவற்றுள் எது ஒருவரின் வாழ்வு, எது வெறும் பின்புலம் என்பதை அது அறியாது. ஓவியரும் பலவற்றை விட்டுவிடுகிறார்; ஆனால் பார்த்து, எண்ணி, முடிவு செய்த பிறகே விடுகிறார். விட்டதற்கு அவர் பொறுப்பாளி. எங்கள் மண்டபத்தில் தொங்கிய படத்தில் அந்தக் கையை விட்டவர் யார்? எவரும் இல்லை. எவரும் பொறுப்பேற்காமலே ஒருவருடைய வாழ்வின் அடையாளம் அழிந்துபோனது.

அஞ்சலட்டையில் நாம்

இது கணினியோடு பிறந்த குற்றம் என்று எண்ணிவிடலாகாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் இயங்கிய லாம்பர்ட் நிறுவனம் போன்ற நிழற்பட நிலையங்கள் மலாயாக் காட்சிகளைப் பயணிகளுக்கு விற்றன. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றி அச்சிட்ட அஞ்சலட்டைகள் பெருகிய காலம் அது. அரண்மனை, மசூதி, பத்துமலைக் குகை ஆகியவற்றோடு அவற்றில் நாமும் இருந்தோம். பால்மரம் சீவும் தமிழர், மூக்குத்தி அணிந்த தமிழ்ப்பெண் என நம் முன்னோர் காட்சிப் பொருளாயினர். அத்தகைய அட்டைகள் பல ஐரோப்பாவில் அச்சாயின. தொலைவில் இருந்து வண்ணம் தீட்டியவர்க்கு அப்பெண்ணின் சேலை என்ன நிறம் என்பது தெரியாது. அட்டையில் அவள் பெயரும் இல்லை. 'தமிழ்ப்பெண்' என்பதோடு சரி.

அந்த அட்டைகளில் உள்ள தோட்டம் எவ்வளவு குளிர்ச்சி! மரங்கள் வரிசையாய் நிற்கின்றன. மேலே இளநீல வானம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் குரல் அங்கே கேட்பதில்லை. வெட்டுக்காட்டில் மொய்க்கும் கொசு இல்லை. காய்ச்சல் இல்லை, கடன் இல்லை. அட்டையில் உள்ள எந்தப் பொருளும் பொய்யன்று. இருந்தும், முழுப் படமும் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது: இவர்கள் இங்கே துன்பமின்றி வாழ்கிறார்கள் என்று. அதை வாங்கி ஊருக்கு அனுப்பிய பயணி கெட்டவர் அல்லர். அழகாக இருந்தது, அனுப்பினார். நானும் அழகாக இருந்தது என்றுதானே நடுவில் மாட்டச் சொன்னேன்!

பாட்டியின் கம்மல்

அப்படியாயின் படத்தில் வண்ணம் ஏற்றுவதே தீதா? அன்று என்று என் வீட்டுச் சுவரே சான்று கூறுகிறது. என் பாட்டி தோட்டத்தில் வாழ்ந்து மறைந்தவர். அவருடைய ஒரே நிழற்படத்தை என் தந்தையார் கிள்ளானில் இருந்த ஒரு படக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கி, கையால் வண்ணம் தீட்டச் செய்தார். அப்படத்தில் பாட்டியின் காதுகளில் சிவப்புக் கல் வைத்த கம்மல் மின்னும். பாட்டிக்குக் கம்மல் இருந்ததில்லை. இருந்த ஒரு சோடியும் என் தந்தையார் பள்ளிக்குச் செல்வதற்காக அடகுக்குப் போய் மீளவே இல்லை. படத்திலாவது அம்மா அணிந்திருக்கட்டும் என்று அவர் தீட்டச் சொன்னார். கம்மல் தீட்டியது என்பதை வீட்டில் அனைவரும் அறிவோம். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படத்தைக் காட்டும்போது அடகுக் கதையையும் சேர்த்தே சொல்கிறோம்.

அஞ்சலட்டையிலும் வண்ணம் ஏறியது. பாட்டியின் படத்திலும் ஏறியது. ஒன்று உறுத்துகிறது, மற்றொன்று கண்ணீர் வரவழைக்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது?

இலக்கணம் காட்டும் வழி

விடையை நம் அணியிலக்கணத்திலேயே காணலாம். தண்டியலங்காரம் பொருளணிகளுள் முதற்கண் வைப்பது தன்மையணி. உள்ளதை உள்ளவாறு காட்டுவது அது. நிழற்படம் தன்மையணிக்கு அணுக்கமானது. அதே நூல் தற்குறிப்பேற்ற அணியையும் ஏற்றுக்கொள்கிறது. இயல்பாக நிகழும் ஒன்றின்மீது கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது அது. சிலப்பதிகாரத்தில், மதுரை மதிலின்மேல் அசையும் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று கைகாட்டி மறிப்பனபோல் இருந்தன என்று இளங்கோவடிகள் பாடும் இடத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் இல்லை. கொடி அசைவது காற்றினால் என்பதை அடிகளும் அறிவார். படிக்கும் மாணவனும் அறிவான். அங்கே எவரும் ஏமாற்றப்படவில்லை. கொடியும் காற்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றின்மேல் அடிகளின் இரக்கம் வந்து சேர்கிறது.

இவ்வணியின் பெயரிலேயே முறை அடங்கியிருக்கிறது. ஏற்றப்படுவது தன் குறிப்பு. நம்முடையதை நாம் சேர்க்கலாம், பிறருடையதை நீக்கலாகாது. சேர்த்ததையும் மறைத்தலாகாது. என் தந்தையார் தம் ஏக்கத்தைச் சேர்த்தார்; பாட்டியின் வறுமையை மறைக்கவில்லை. அஞ்சலட்டையோ தன் வண்ணத்தைச் சேர்த்ததோடு நில்லாமல், நம்மவரின் வலியை நீக்கிவிட்டது. வள்ளுவரும் வாய்மைக்கு வரையறை கூறுகையில், நிகழ்ந்ததை அப்படியே ஒப்பிப்பது என்று கூறவில்லை. பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். அக்கோலால் அளந்தால் தீட்டிய கம்மல் தேறும். துன்பத்தை மறைத்த அஞ்சலட்டை தேறாது.

மறைத்தலைப் பற்றி உலகறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 1982 பிப்ரவரித் திங்களில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், எகிப்தின் கீசா பிரமிடுகளை அட்டைப் படமாக வெளியிட்டது. அகலமாக எடுத்த படத்தை நீளவாக்கில் உள்ள அட்டைக்குள் அடக்குவதற்காக, இரு பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தனர். மாற்றம் சிறிதுதான். ஆயினும் கண்டனம் எழுந்தது. உள்ளதைக் காட்டுவதாகப் படிப்போர் நம்பும் இதழ், சொல்லாமல் மாற்றியதே அதன் காரணம். 'இது ஓவியம்' என்று சொல்லியிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

இதற்கு மாறான ஒன்றை நம் கண்முன் காணலாம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில், குடமுழுக்கை ஒட்டிப் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசினர். அழகு என்று கூட்டம் கூட்டமாய்ப் படம் எடுப்போர் ஒருபுறம். பழைமை கெட்டது என்று வருந்துவோர் மறுபுறம். மரபுடைமைத் துறையின் முன் இசைவு குறித்தும் கேள்வி எழுந்தது. எப்பக்கம் சரி என்று இங்கே தீர்ப்புக் கூற நான் வரவில்லை. வண்ணம் பூசியது எல்லார்க்கும் வெளிப்படையாகத் தெரிந்ததால் எல்லாரும் வழக்காட முடிந்தது. படத்திற்குள் மறைவாகப் பூசப்படும் வண்ணத்தோடு எவர் வழக்காட முடியும்?

ஒரு மறுப்பு

நண்பர் ஒருவர் என்னை மறுத்தார். "கேமராவே பாதியைத்தானே காட்டுகிறது? சட்டத்துக்கு வெளியே உள்ளதை அதுவும் நீக்குகிறதே. குப்பைத் தொட்டியை விட்டு விலகி நின்று எடுத்தால் குற்றமில்லை. எடுத்தபின் அழித்தால் குற்றமா?" என்றார். நல்ல கேள்வி. குப்பைத் தொட்டிக்காக நான் வழக்காடவில்லை. அது அந்தப் பாட்டியின் உடைமை அன்று. ஆனால் கை அவருடையது; வடு அவருடையது. அவர் அறியாமலும் கேளாமலும் அவற்றை எடுத்துவிட நமக்கு உரிமையில்லை. பயணி ஓர் ஊரின் விருந்தாளி. விருந்தாளி வீட்டைப் புகழலாம், பாடலாம், வரையலாம். வீட்டாரின் பொருளை எடுத்துச் செல்லலாமா?

வகுப்பறையில்

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதாலோ செயலியைப் பழிப்பதாலோ இச்சிக்கல் தீராது. நம் பிள்ளைகளுக்கு நிறமும் ஒளியும் இவ்வளவு எளிதாய்க் கிடைத்திருப்பது நற்பேறே. அதைக் கொண்டு என்ன செய்வது என்று கற்பிப்பது நம் கடமை. இப்போது எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். மாற்றிய படத்தை எவர் கொணர்ந்தாலும், மூலப் படத்தையும் உடன் வைக்க வேண்டும். அதன்கீழ் மூன்று வரி எழுத வேண்டும்: நான் சேர்த்தது என்ன? நீங்கியது என்ன? படத்தில் இருப்பவரிடம் கேட்டேனா? கட்டுரைப் பாடத்துக்கும் இது நற்பயிற்சி என்று ஆசிரியர்கள் கூறுகின்றனர். இரண்டாவது வினாவுக்கு விடை எழுத, பிள்ளைகள் இரு படங்களையும் நெடுநேரம் ஒப்புநோக்க வேண்டியிருக்கிறது. முதற்கண் அவர்கள் பாராமல் விட்டவற்றையெல்லாம் அப்போதுதான் பார்க்கிறார்கள்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டாள். போகுமுன் ஒரு தாளை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பென்சிலால் வரைந்த படம், கணினி தொடாதது. விரல்களின் அளவு சரியாக இல்லை. கட்டைவிரல் சற்றுப் பெரிதாகிவிட்டது. பூவும் அவ்வளவு அழகாக அமையவில்லை. ஆனால் கை இருந்தது. சுட்டுவிரலில் அந்தக் கோடும் இருந்தது.